வாய் உண்டு, தொண்டை இல்லை

கையை உள்ளே விட்டாள் வெல்டா. மணிக்கட்டு வரை போனது, அதற்குமேல் போகவில்லை. பானையின் அடியில் உப்பு ஒட்டியிருக்கிறதா என்று துழாவுகிறவள் மாதிரி விரல்களை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். பிறகு கையை வெளியே எடுத்து, கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, வண்டிக்காரனை நிமிர்ந்து பார்த்தாள்.

"வாய் இருக்கு. தொண்ட இல்ல."

வண்டிக்காரன் பெயர் கோல்பி. இருபத்து நாலு வயது, தானியக் கிடங்கில் வேலை. வசந்தத்தில்தான் கடையிலிருந்து நேராக ஓட்டிக்கொண்டு வந்த புது வண்டி. அதன் பானட்டின் மேல் காளையின் மூக்குத் துவாரம் போல இரண்டு காற்றுவாய்கள் புடைத்து நின்றன. அவற்றைப் பார்த்துத்தான் அந்த வண்டியையே எடுத்தான்.

"கம்பெனிக்காரனே வெச்சு அனுப்பினதுங்க" என்றான், அழுகிற குரலில்.

"எங்க வீட்டு அடுப்புலகூடத்தான் கம்பெனிக்காரன் அஞ்சு திருகு வெச்சான். பர்னர் நாலுதான். அஞ்சாவதத் திருகினா திருகிக்கிட்டே இருக்கலாம்."

"அப்ப இது எதுக்குங்க?"

"மழத்தண்ணி தேங்கும். குளவி கூடு கட்டும். ஹெல்மெட் நல்லாருக்கு, பெல்ட்டு நல்லாருக்கு. போ. அடுத்த வண்டி!"

ஒஹையோவின் வடமேற்கில், சோளமும் சோயாவும் விட்டால் வேறு எதுவும் நிமிர்ந்து நிற்காத தரையில், அந்தக் கால் மைல் கார்ப் பந்தய ஓடுதளம் நேராகக் கிடக்கிறது. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஞாயிறு காலை எட்டு மணிக்கு, சோதனைக் கொட்டகை வாசலில் வெல்டா ரெக்கர் நின்றுகொண்டிருப்பாள். வயது அறுபத்தாறு. ஆறடிக்கு ஒரு விரல் கம்மி. கழுத்தில் டார்ச், இடுப்புப் பட்டையில் தையல் பெட்டியிலிருந்து எடுத்த அளவு நாடா. சம்பளம் கிடையாது. மதியம் ஒரு காப்பியும், பிய்த்த கோழி வைத்த பன்னும் இலவசம். அந்தப் பன்னையும் "ரொட்டித்தூள் அதிகம், கோழி கம்மி" என்று வாரா வாரம் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டு முடிப்பாள்.

சோதனைத் தாளில் பத்தொன்பது வரிகள் உண்டு. பிரேக், டயர், பாட்டரிக் கட்டு, எண்ணெய்க் கசிவு என்று போகும். காற்றுவாய் என்று அதில் ஒரு வரியும் இல்லை. இருபதாவது சோதனை வெல்டா தானாகச் சேர்த்துக்கொண்டது. எந்த வண்டியின் பானட்டில் ஸ்கூப் என்கிற இந்தக் காற்றுவாய் புடைத்திருந்தாலும் அதற்குள் கையை விட்டுப் பார்ப்பாள். அது இஞ்சின் வரை போகிறதா, அல்லது வெறும் முகப்பு அலங்காரமா என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவாள். வரிசையில் நிற்கிற ஆண்கள் பிரேக் சோதனைக்குப் பயப்பட மாட்டார்கள். இதற்குத்தான் வியர்ப்பார்கள். நானூறு குதிரைத் திறன் என்று மார்தட்டுகிற தாடிக்காரர்கள்கூட அவள் கை உள்ளே போகும்போது வேறு பக்கம் பார்ப்பார்கள்.

நூற்றில் ஐந்தாறு வண்டிக்கு "தொண்ட இருக்கு" என்று வரும். அந்த வண்டிக்காரன் அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவான். அவனிடமும் வெல்டா ஒன்று சொல்லாமல் விட மாட்டாள்: "காத்து உள்ள போனா மட்டும் பத்தாது. குளுந்த காத்தா போகணும். சூட்டுக் காத்து பசிக்குச் சோளப்பொரி தின்ன மாதிரி. வயிறு ரொம்பும், வேலைக்கு ஆகாது."

இதெல்லாம் எங்கே படித்தாள் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். எங்கேயும் படிக்கவில்லை. கல்யாணமாகி வந்த வீட்டில், துணி உலர்த்தும் கொடியை மாமனார் சுவரோரமாகக் கட்டி வைத்திருந்தார். வெளியே தொப்பி பறக்கிற காற்று அடிக்கும், சுவரோரத்தில் படுக்கை விரிப்பு ஆடாமல் அசையாமல் தொங்கும். சாயங்காலமும் ஈரம் போகாது. ஒரு நாள் பொறுமை போய், கொடியைச் சுவரிலிருந்து நாலடி தள்ளிக் கட்டினாள். விரிப்பு படகுப் பாய் மாதிரி விம்மிக்கொண்டு நின்றது. எதை ஒட்டிப் போனாலும், ஒட்டிப் போகிற காற்று சோம்பேறிக் காற்று என்று அன்றைக்குப் புரிந்தது. பானட்டும் ஒரு சுவர்தானே, படுத்துக் கிடக்கிற சுவர்.

நம்பாதவர்களுக்கு நூல் வைத்திருந்தாள். ஒருமுறை ஒரு பால் பண்ணைக்காரன், தன் வண்டியின் காற்றுவாய் இருபது குதிரை கூட்டுகிறது என்று கடைக்காரன் சொன்னதாகச் சத்தியம் செய்தான். வெல்டா பின்னல் பையிலிருந்து சிவப்புக் கம்பளி நூலை எடுத்து, விரல் நீளத்துக்கு வெட்டி, பானட் முழுக்க வரிசை வரிசையாக டேப் போட்டு ஒட்டினாள். நெல் நாற்று நட்ட மாதிரி இருந்தது. அவனை அறுபது மைல் வேகத்தில் ஓட்டச் சொல்லி, தான் பக்கத்தில் பிக்கப் வண்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போனாள்.

முன்பக்கத்து நூல்கள் எல்லாம் பின்னால் பார்த்து விறைத்துப் பறந்தன. காற்றுவாயின் வாசலில் இருந்த நூல்கள் மட்டும், கல்யாண வீட்டில் செருப்பைத் தொலைத்தவன் போல அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தன, உள்ளே போகவில்லை. அவள் வாயடைத்துப் போனது அதைப் பார்த்து அல்ல. முன்கண்ணாடியின் அடியில் ஒட்டிய நூல்களைப் பார்த்துத்தான். கண்ணாடியில் மோதிய காற்று அங்கே குவிந்து, போக வழியில்லாமல் அழுந்திக்கொண்டிருந்தது. நூல்கள் தலைகீழாகத் திரும்பி, பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவிலுள்ள இடுக்கில் தலையை நுழைத்துக்கொண்டன. கண்ணுக்குத் தெரியாத ஒன்று, தனக்கு எது வாசல் என்று தானே முடிவு செய்கிறது. கம்பெனிக்காரன் செதுக்கி வைத்த வாசலை அது சீந்தக்கூட இல்லை. அன்று இரவு உணவு முடிந்து பாத்திரம் கழுவும்போதுகூட வெல்டா அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு பேசுகிறவள், ஒரே ஒரு வண்டியின் காற்றுவாயில் மட்டும் கையை விட்டதில்லை. அது அவள் புருஷன் ஆரினுடைய வண்டி.

அதற்கு ஒரு விதி இருந்தது. சோதனை செய்கிறவர் தன் வீட்டு வண்டியைச் சோதிக்கக் கூடாது. ஆரினுடைய வண்டியை எப்போதும் டுவைட்தான் சோதிப்பான். டுவைட் சோளம் போடுகிறவன், வெல்டாவுக்கு உதவியாக நிற்பவன். தாளில் இருப்பதை மட்டும் பார்ப்பான். "வண்டி பாஸு வெல்டா. புருஷன்தான் ஃபெயிலு" என்று இருபத்தாறு வருஷமாக ஒரே நகைச்சுவையைச் சொல்லிக்கொண்டு வருகிறான்.

ஆரினுடைய வண்டி அறுபத்தொன்பதில் செய்தது, கடுகு நிறம். பானட்டின் நடுவில் அகலமாக, தட்டையாக, தவளை வாய் மாதிரி ஒரு காற்றுவாய். அவன் ஓடுவது தொழிற்சாலை வகுப்பில். அதில் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். பானட்டை வெட்டக் கூடாது, மாற்றக் கூடாது. ஆரினுக்கு அது தடையாகவே தெரியவில்லை. அவனுடைய நம்பிக்கை முழுக்க அந்தத் தவளை வாயில்தான். காற்றுவாயிலிருந்து இஞ்சினுக்கு இடைவெளியே இல்லாதபடி நுரைப்பஞ்சில் வளையம் வெட்டி, தன் கையாலேயே பொருத்தியிருந்தான். "மூணாவது கியர்ல அது காத்த முழுங்கற சத்தம் எனக்கே கேக்கும்" என்பான். பையன்கள் சுற்றி உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். வெல்டா அப்போது எழுந்து குளிர்பெட்டியில் பனிக்கட்டி இருக்கிறதா என்று பார்க்கப் போய்விடுவாள்.

ஆரினுக்கு வேண்டியது ஒரே ஓர் எண். கால் மைலை அவன் கடக்க ஆகிற நேரம் பதின்மூன்று விநாடியும் கொஞ்சமும். இருபத்தாறு வருஷத்தில் அவன் செய்த நல்ல ஓட்டம் 13.04. தளத்தின் கடைசியில் நிற்கிற பெரிய பலகையில் தன் பெயருக்கு நேரே ஒருமுறை பன்னிரண்டு என்று எரிய வேண்டும். பன்னிரண்டு புள்ளி தொண்ணூற்றொன்பது வந்தாலும் போதும்.

அந்த அக்டோபர் கடைசி ஞாயிறு, அதற்கு மிச்சமிருந்த ஒரே நாள். முப்பது வருஷம் பால் டாங்கர் ஓட்டி ஆரினுடைய வலது தோள் தேய்ந்துபோயிருந்தது. நவம்பரில் மூட்டு மாற்றுகிற அறுவை சிகிச்சை. "அதுக்கப்பறம் கியர் கம்பிய அடிச்சு இழுக்கற ஜோலியெல்லாம் கெடையாது. தட்டுலேர்ந்து கரண்டி எடுக்கலாம், அவ்வளவுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். தானே கியர் மாற்றிக்கொள்கிற வண்டி வாங்கிக்கொள்ளலாமே என்று கோல்பி கேட்டான். ஆரின் அவனை ஏதோ கெட்ட வார்த்தை கேட்ட மாதிரி பார்த்தான்.

நாள் நன்றாக இருந்தது. குளிர்ந்த, கனமான காற்று. இஞ்சின்கள் ஆசைப்படுகிற காற்று. பக்கத்து வயலில் சோயா அறுவடை ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரம் போன இடத்திலிருந்து பொறிவண்டுகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி வந்துகொண்டிருந்தன. காலரில், காப்பியில், ஹெல்மெட் உள்ளே, எங்கு பார்த்தாலும் சிவப்புப் பொட்டு. வெல்டா கோப்பையிலிருந்து ஒன்றை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சக் காப்பியைக் குடித்தாள்.

அன்று ஒவ்வொருவருக்கும் மூன்று ஓட்டம்.

முதல் ஓட்டம் 13.06. ஆரின் வண்டியை நிழலில் நிறுத்தி, பானட்டைத் தூக்கி வைத்துவிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தான். வெல்டா குளிர்பெட்டியிலிருந்த பனிக்கட்டிப் பையை எடுத்து இஞ்சினின் தலையில் வைத்தாள். காய்ச்சல்காரனுக்கு ஈரத் துணி போடுகிற மாதிரிதான். அரை மணி நேரம் ஆற விட்டார்கள்.

இரண்டாவது ஓட்டத்துக்கு வரிசையில் நின்றபோது வெல்டா வண்டியின் முன்னால் நின்றிருந்தாள். காற்றுவாயின் உதட்டில் மூன்று பொறிவண்டுகள் உட்கார்ந்திருந்தன. ஊதினாள். அவை பறக்காமல் உள்ளே நகர்ந்து போய்விட்டன. அதற்குள் வரிசை நகர்ந்தது.

ஓட்டம் 13.03. வாழ்நாளில் அவனுடைய மிக நல்ல ஓட்டம், ஆனாலும் பதின்மூன்று. மணிக்கு நூற்றைந்து மைல் வேகத்தில் கோட்டைக் கடந்திருந்தான். சுற்றிக்கொண்டு திரும்பி வந்து வண்டியை நிறுத்தினான். வெல்டா பனிக்கட்டிப் பையோடு பானட்டின் பக்கம் போனாள். ஆரின் அதற்குமுன் வந்து அங்கே நின்றிருந்தான், பானட்டைத் திறக்கவில்லை.

காற்றுவாயின் உதட்டுக்கு ஒரு பொறிவண்டு நடந்து வந்தது. சந்தைக்குப் போய்விட்டு வருகிறவள் மாதிரி, அவசரமே இல்லாமல். அதன் பின்னால் இன்னொன்று. கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவது. வெளிச்சத்துக்கு வந்ததும் அது முதுகோட்டைத் திறந்து, சிறகை ஒருமுறை விரித்துப் பார்த்து, மூடிக்கொண்டது.

ஆரின் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

"இப்பதான் வந்து உக்காந்திருக்கும்" என்றான்.

"உக்காந்திருக்கலாம்" என்றாள் வெல்டா. வேறு எவனாவது இப்படிச் சொல்லியிருந்தால் அவன் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போகிற அளவுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

"கெளம்பறதுக்கு முன்னாடி நீ முன்னாலதான நின்ன? எதாவது பாத்தியா?"

"பாத்தேன்."

"எத்தன?"

"மூணு."

ஓடுதளத்தில் யாரோ டயரைச் சுழற்றிப் புகை கிளப்பினார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும் ஆரின் காற்றுவாயைக் காட்டினான். "கைய விடு" என்றான்.

"விதி இருக்கு."

"விதி கெடக்கு. டுவைட் காலையிலயே பாத்து சீட்டு ஒட்டிட்டான். இப்ப நீ சோதனக்காரி இல்ல, எம் பொண்டாட்டி. கைய விட்டுப் பாத்துச் சொல்லு."

"கைய விட வேண்டியதில்ல ஆரின். இதுக்குத் தொண்ட இருக்கு. நல்ல தொண்ட, நீயே செஞ்சது. சோறுதான் வரல. வேகமா வந்திருந்தா அந்த மூணு பூச்சியும் திரும்பி நடந்து வந்திருக்குமா? காத்து இதுக்கு நாலு வெரக்கட மேலயே போயிடுது. கீழ இருக்கறது உங்கப்பா செவுத்தோரமா கட்டுன கொடி மாதிரி. இஞ்சின் அந்தச் செத்த காத்தத்தான் மூச்சு முட்ட இழுத்துக்கிட்டுக் கெடக்கு."

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"சந்தேகம் பதினஞ்சு வருஷமா. தெரிஞ்சது இப்பதான், உன்னோட சேந்து."

"ஊர்ல ஒருத்தன் பாக்கி இல்லாம மூஞ்சிக்கு நேரா சொன்ன. என்கிட்ட சொல்ல வாய் வரல?"

வெல்டா பனிக்கட்டிப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டியது.

"நீ அதப் பத்திப் பேசறப்ப உம் மூஞ்சி எப்படி இருக்கும்னு நீ பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன்."

ஆரின் அந்தத் தவளை வாயின் மேல் உள்ளங்கையை வைத்தான். வலது கை அதற்குமேல் உயரவில்லை. இருபத்தாறு வருஷமாக வாரா வாரம் மெழுகு போட்டுத் தேய்த்த இடம். தள்ளி உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்த பையன்களைத் திரும்பிப் பார்த்தான். கோல்பி அங்கிருந்தே கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, "பெரிசு, தவளையக் கத்த விடு!" என்று கூவினான்.

"இன்னும் ஒரு ஓட்டந்தான் இருக்கு" என்றாள் வெல்டா. குரலில் சர்க்கரை ஏதும் போடவில்லை. "பன்னெண்டு வேணுமா, இந்த வாய் வேணுமா? ரெண்டும் கெடைக்காது. சீக்கிரம் சொல்லு, பனிக்கட்டி கரையுது."

அவன் தவளை வாயிலிருந்து உள்ளங்கையை எடுத்தான். பிறகு சொன்னது பதிலாக இல்லை.

"கறுப்பு டேப்பு பிக்கப்ல சீட்டுக்கு அடியில இருக்கு."

வேலையை அவள்தான் செய்தாள். அவன் தோளுக்கு முடியாது. பானட்டைத் திறந்து, அவன் வெட்டிப் பொருத்திய நுரைப்பஞ்சு வளையத்தை உரித்து எடுத்தாள். பானட்டின் பின் ஓரத்தில், கண்ணாடிப் பக்கத்து இடுக்கை அடைத்துக்கொண்டு ஒரு ரப்பர் பட்டை இருந்தது. அதை நுனியைப் பிடித்து, கோழியின் தோலை உரிக்கிற மாதிரி ஒரே இழுப்பில் இழுத்தாள். நூல்கள் தலையை நுழைத்துக்கொண்ட அந்த இடுக்கு இப்போது இஞ்சினுக்குத் திறந்தது. பானட்டை மூடி, தவளை வாயின் மேல் கறுப்பு டேப்பைக் குறுக்கே நாலு வரிசை ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். வாயின் உள்ளே எப்போதும் கறுப்புதான். பத்தடி தள்ளி நின்றால் வித்தியாசம் தெரியாது.

டுவைட் அந்தப் பக்கமாக வந்தான். வெல்டா நேராகக் கேட்டாள்.

"விதியில ஒட்டறதப் பத்தி இருக்கா?"

"வெட்டக் கூடாது, மாத்தக் கூடாது. ஒட்டறதப் பத்தி ஒண்ணுமில்ல. ரப்பரப் பத்தியும் இல்ல, பாதி வண்டில அது எப்பவோ இத்துப் போயிருக்கும்." பானட்டை ஒரு முறை பார்த்தான், ஆரினை ஒரு முறை பார்த்தான். தன் பழைய நகைச்சுவையைச் சொல்ல வாயெடுத்தவன் அதை அப்படியே விழுங்கிவிட்டான். "அதுவும் நான் ஒண்ணும் பாக்கல. மூக்குக் கண்ணாடிய மாத்தணும்னு பொண்டாட்டி ஒரு வருஷமா கத்திக்கிட்டிருக்கா" என்று சொல்லிக்கொண்டே போனான்.

"பசங்க பாத்தாங்கன்னா..." என்று ஆரின் ஆரம்பித்தான். முடிக்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தான்.

ஆரின் கிளம்பும்போது வெல்டாதான் முன்னால் நின்று வண்டியைக் கோட்டுக்கு வழிகாட்டுவாள். ஆயிரம் முறை செய்திருப்பாள். டயர் சூடேற அவன் பின்சக்கரங்களைச் சுழற்றியதும், வெள்ளைப் புகை எழுந்து வண்டியையே மறைத்தது. ரப்பர் எரிகிற அந்த நாற்றத்தை வேறு எங்கே நுகர்ந்தாலும் மூக்கைப் பொத்திக்கொள்வாள். இங்கே மட்டும் நெஞ்சு நிறைய இழுப்பாள். புகைக்குள்ளிருந்து கடுகு நிற மூக்கு மெல்ல வெளியே வந்தது. இரண்டு கைகளாலும் ஒரு விரக்கடை, இன்னொரு விரக்கடை என்று அழைத்து, கோட்டில் நிறுத்தி, விலகினாள்.

விளக்குக் கம்பத்தில் மஞ்சள் எரிந்தது. பச்சை விழுந்தது.

சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் காலுக்கு வந்தது. தரை அதிர்ந்தது, பற்கள் ஒன்றோடொன்று உரசின. வண்டியின் பின்பக்கம் குந்தி, முன்பக்கம் நிமிர்ந்தது. ஒன்றரை டன் இரும்பு, ஏதோ தன்னைப் பின்னாலிருந்து ஓங்கி உதைத்த மாதிரி போயிற்று. அது போன இடத்தில் ஒரு குழி விழுந்ததுபோலக் காற்று இருபுறமும் வந்து நிரப்பிக்கொண்டதைக் கன்னத்தில் உணர்ந்தாள். இரண்டாவது கியர். பல்லைக் கடித்துக்கொண்டு அவன் கியரை அடித்து இழுப்பது அவளுக்குத் தன் தோளில் தெரிந்தது. மூன்றாவது கியரில் இஞ்சினின் குரல் மாறியது. இதுநாள்வரை அது மூக்கடைத்தவன் பாடுகிற பாட்டு. இப்போது தொண்டை திறந்து, அடிவயிற்றிலிருந்து வந்தது. இந்த வண்டியின் இந்தக் குரலை இருபத்தாறு வருஷத்தில் அவள் கேட்டதே இல்லை. வெல்டா ரெக்கர், எதைப் பார்த்தாலும் ஒரு குறை சொல்லத் தெரிந்தவள், வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு பெரிய வயல்வெளியில் கிடந்த காற்றெல்லாம் இத்தனை வருஷமும் தனக்கு ஒருவன் சரியான வாசலைத் திறப்பான் என்று காத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. கடுகு நிறம் பொட்டாகச் சிறுத்து, கோட்டைக் கடந்து, பிரேக் விளக்கு சிவந்தது.

பலகையில் எண் எரிந்தது. 12.98.

எல்லோரும் கத்தினார்கள். கோல்பி கையிலிருந்த பன்னை மேலே எறிந்தான். ஒலிபெருக்கியில் பேசுகிறவன் ஆரினுடைய பெயரை மூன்று முறை சொன்னான். வெல்டா எதற்கும் நிற்கவில்லை. பிக்கப்பில் ஏறி, திரும்பி வருகிற பாதையில் நேரச் சீட்டு கொடுக்கிற கூண்டை நோக்கி விரட்டினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஆரின் சீட்டை வாங்கிக்கொண்டு, கூண்டுக்குச் சற்றுத் தள்ளி வண்டியை நிறுத்தியிருந்தான். இஞ்சின் அணைந்து, சூடான இரும்பு டிக் டிக்கென்று சுருங்கிக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். வலது கை துணி மாதிரி துவண்டு கிடந்தது. இடது கையில் இருந்த சீட்டை ஜன்னல் வழியாக நீட்டினான். அவள் வாங்கிப் படித்தாள். படித்ததை மறுபடியும் படித்தாள்.

"பன்னெண்டு" என்றாள்.

"ம்" என்றான். முகம் ஈரமாக இருந்தது. ஆனால் கண் சீட்டைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக, பானட்டின் நடுவில் வெயிலில் மினுங்குகிற அந்தக் கறுப்பு டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

பின்னால் சத்தம் கேட்டது. பையன்கள் மூன்று சின்ன வண்டிகளில் தொற்றிக்கொண்டு புழுதி பறக்க வந்துகொண்டிருந்தார்கள். கோல்பி முதல் வண்டியின் கூரையைத் தட்டிக்கொண்டு, "தவள முழுங்கிருச்சுடா! நான் சொன்னன்ல, கம்பெனி ஸ்கூப்புதான்டா!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தான். இன்னும் நூறு கெஜம்கூட இல்லை.

வெல்டா வண்டியின் முன்பக்கம் போனாள். அடுப்புக் கல் மாதிரி கொதித்துக்கொண்டிருந்த பானட்டின் மேல் வயிறு பட அப்படியே கவிழ்ந்து, நாலு வரிசை டேப்பையும் ஒரே பிடியில் பிய்த்தெடுத்து, உருட்டி, மேல்சட்டைப் பைக்குள் திணித்தாள். வாயின் ஓரத்தில் பசை கோடாகப் படிந்திருந்தது. கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அந்த இடத்தைச் சுடச் சுடத் தேய்க்க ஆரம்பித்தாள்.